பத்துப் பேர் ஃபைலும் தொண்ணூற்றெட்டுச் சர்க்கரையும்

போன வாரம் காயத்ரி போன் செய்தாள். தென்னூரில் நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"சார், நீங்க எழுதின ரிப்போர்ட் ரீடர் கிளாஸ்ல ஒரு கமெண்ட் இருக்கு. படிக்கட்டுமா?"

"படிம்மா."

"'சாத்துமுறை ஆகும் வரை தீர்த்தம் கிடையாது.' இது என்ன சார்? ஏதாவது முக்கியமானதா, இல்ல நீங்க விளையாட்டுக்குப் போட்டதா?"

நிரலுக்கு நடுவில், மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைக்கும் குறிப்புதான் கமெண்ட். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆபீஸ் தீயணைப்புக் கருவியின் மேல் 'குடிநீர் அல்ல' என்று எழுதி ஒட்டியவன் நான்.

"எதுக்குக் கேக்குற?"

"லேப் மெஷின் எல்லாம் இன்னும் எக்ஸ்எம்எல்தான் சார் பேசுது. ஆனா ரீடரைப் புதுசா ஏஐ எழுதிக் குடுத்திடுச்சு. நாலு நிமிஷம்தான் ஆச்சு. பழசை அழிச்சிடலாமான்னு கேக்கத்தான் பண்ணேன்."

நாலு நிமிடம். அந்தக் கிளாசை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதில் உள்ள மூன்று வரியைத் திருத்துவதற்கு ஒரு மனிதரின் வலது கால் வரை போக வேண்டியிருந்தது.

"ரெண்டு நாள் பொறும்மா, எழுதி அனுப்புறேன்" என்றேன். போனில் சொன்னால் பயந்த இடத்தையெல்லாம் சிரிப்பாக்கிவிடுவேன். எழுதினாலும் அதைத்தான் செய்வேன், ஆனால் எழுத்தில் அடித்துத் திருத்த இடம் இருக்கிறது.

என் பெயர் செல்வம். ஊர் உறையூர். ஐம்பத்து நாலு வயதில் நானாகவே வேலையை விட்டுவிட்டேன். முதுகு முன்மொழிந்தது, மனைவி மீனா வழிமொழிந்தாள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் ஆறு மாதம் ஜாவா படித்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர் எதற்கெடுத்தாலும் காரைத்தான் உதாரணம் காட்டுவார். கிளாஸ் என்பது காரின் வரைபடம், ஆப்ஜெக்ட் என்பது கார். அவரிடமும் கார் இல்லை, எங்களிடமும் இல்லை. ஆறு மாத முடிவில் நாங்கள் எல்லோருமே மனதளவில் கார் வைத்திருந்தோம்.

வேலை கிடைத்தது ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனி. லேபில் இருக்கும் மெஷின் ரத்தத்தைச் சோதித்து, முடிவுகளை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாகத் துப்பும். எங்கள் நிரல் அதைப் படித்து, நோயாளி கையில் கொடுக்கும் ரிப்போர்ட்டாக அச்சடிக்கும். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் மெஷின் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். மனிதக் கண்ணால் பார்க்கும் அந்த வேலையை ஒழிப்பதுதான் எங்கள் மென்பொருளின் பெருமை. விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தோம்.

எக்ஸ்எம்எல் என்பது பயமுறுத்தும் பெயர், ஆனால் சங்கதி எளிது. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஒரு டேக், அதாவது பெயர்ச்சீட்டு, திறக்கும், பின்னால் அதே டேக் மூடும். உள்ளே இன்னொன்று திறந்தால், அது மூடிய பிறகுதான் வெளியே இருப்பது மூடலாம். புதிதாக வருபவர்களுக்கு இதை ஸ்ரீரங்கம் கோயிலை வைத்து விளக்குவேன். "ஏழு பிராகாரம். ஒவ்வொரு வாசலாத் தாண்டி உள்ள போறோம், வந்த வழியே ஒவ்வொரு வாசலா வெளிய வரணும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருமுறை பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "நான் தெக்கு வாசல்ல போவேன், வடக்கு வாசல்ல வருவேன். எங்க ஆத்துக்கு அதுதான் வழி. அப்போ நான் எர்ரரா?"

அதுதான் வைதேகி மேடம். ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதி. ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருபது வருடம் தலைமை டெக்னீஷியனாக இருந்துவிட்டு, எங்கள் கம்பெனிக்குச் சோதனைப் பிரிவின் தலைவராக வந்தவர். அவர் கையெழுத்துப் போடாத எந்த நிரலும் மாடிப்படி இறங்காது. கையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேலும் பச்சை மைப் பேனாவும் இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நல்லது செய்தால் ஒன்றும் சொல்லமாட்டார். தப்புச் செய்தால் மெதுவாக "பேஷ்" என்பார். சேர்ந்த முதல் மாதம் இது புரியாமல், "மேடம் என்னைத் தினமும் பாராட்டுறாங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி நிரலுக்கு வருகிறேன். எக்ஸ்எம்எல் ஃபைலைப் படிக்க ஜாவாவில் முக்கியமாக இரண்டு வழிகள். முழு ஃபைலையும் நினைவகத்தில் ஏற்றி, மரம் மாதிரி நிறுத்தி, வேண்டிய கிளையைத் தொட்டுப் பார்ப்பது ஒன்று. முதலில் அதைத்தான் செய்தேன். தில்லை நகரில் ஒரு லேப் முதலாளி முன்னால், அவருடைய ஒரு வருடத்து ஃபைலை ஏற்றிக் காட்டினேன். கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. "யோசிக்குது சார்" என்றேன். கால் மணி நேரம் கழித்து அவர், "என்னை விட ரொம்ப யோசிக்குதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதனால் இரண்டாவது வழிக்கு மாறினேன். இதில் ஃபைல் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்சர் என்ற ஜாவாவின் படிப்புக் கருவி, நாம் எழுதிய ஆப்ஜெக்டை மூன்று சமயங்களில் கூப்பிடும். டேக் திறந்தால் ஒரு குரல், உள்ளே எழுத்துகள் வந்தால் ஒரு குரல், டேக் மூடினால் ஒரு குரல். நம் ஆப்ஜெக்ட் ஒவ்வொரு குரலுக்கும் தன் வேலையைச் செய்ய வேண்டும். எழுத்துகள் வந்தால் அவற்றை வாங்கி, மதிப்பு என்ற பெட்டியில் போட்டு, ரிப்போர்ட்டுக்கு அனுப்பிவிடும்படி எழுதினேன். சுத்தமான, அழகான நிரல். ரத்த அணு மெஷினுக்கு ஒரு கிளாஸ், சர்க்கரை முதலியன பார்க்கும் மெஷினுக்கு ஒரு கிளாஸ், இரண்டுக்கும் பொதுவாக மேலே ஒரு அப்பா கிளாஸ். அப்பாவிடம் இருப்பது பிள்ளைகளுக்குத் தானாகவே போய்ச் சேரும் என்பது இந்த மொழியின் சிறப்பு. போய்ச் சேர்ந்தது.

நிரல் வெளியே போவதற்கு முன்னால் வைதேகி மேடத்திடம் ஒரு சடங்கு உண்டு. அதற்கு 'வாசிப்பு' என்று பெயர். எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஒருவர் கையில் மெஷின் கொடுத்த எக்ஸ்எம்எல் ஃபைலின் அச்சு, இன்னொருவர் கையில் எங்கள் நிரல் செய்த ரிப்போர்ட். முதலாமவர் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, வாய்விட்டுப் படிக்க வேண்டும். "டேக் திறக்குது, ஹீமோகுளோபின். பதினொண்ணு புள்ளி ரெண்டு. டேக் மூடுது." மற்றவர் ரிப்போர்ட்டில் அதைக் கண்டு, பச்சை மையில் டிக் போட வேண்டும். நடுவில் யாராவது இருமினால் அந்த நோயாளியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முடிந்ததும் தாள்களை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை. பிறகு இருவர் கையெழுத்து.

எனக்கு இது பெரிய தண்டனை. அலுப்புத் தாளாமல் நல்ல எண்களை ரேடியோ செய்தி மாதிரியும் மோசமான எண்களை இழவுச் செய்தி மாதிரியும் படிப்பேன்.

"நாடகம் வேண்டாம் செல்வம். நம்பரைச் சொல்லு."

அந்தத் தில்லை நகர் லேபில் ஒரு நாள் ஃபைல் என்றால் சுமார் இருநூறு பேர். இருநூறு பேரை வாய்விட்டுப் படித்தால் இரண்டு நாள் போய்விடும். மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி போடுவார்கள், நாலரைக்கு ஒன்று மிஞ்சாது. பத்துப் பேருக்குச் சரியாக வந்தால் இருநூறு பேருக்கும் சரியாகத்தானே வரும் என்பது என் கட்சி. ஃபைலைத் திறந்தேன். முதல் பத்துப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி, கடைசி டேக்கை ஒழுங்காக மூடி, மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

"இவ்வளவுதானா?"

"லேப்ல இவ்வளவுதான் மேடம் குடுத்தாங்க."

என் வாழ்க்கையில் நான் பஜ்ஜிக்காகச் சொன்ன ஒரே பொய் இதுதான் என்று சொல்ல மாட்டேன். அவற்றில் பெரியது இது. அன்றைக்கு நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. பத்துக்குப் பத்தும் சரி. பச்சை மையில் இரண்டு கையெழுத்து. பஜ்ஜியும் சூடாக இருந்தது.

நிரலை லேபில் போட்டு மூன்று வாரம் வரை ஒரு புகாரும் வரவில்லை. நாலாவது வாரம் பிரிண்டரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். அங்கே டெக்னீஷியன் யாசின் பாய். "சார், சும்மா உக்காந்திருக்கீங்க, கையை நீட்டுங்க. உங்களுக்கும் ஒரு டெஸ்ட் போட்டுடலாம், ஓசிதான்" என்றார். ஓசி என்றால் ரத்தம் கொடுக்கக்கூட நான் தயங்குபவனில்லை. ஒரு மணி நேரம் கழித்து பிரிண்டரிலிருந்து என் ரிப்போர்ட்டை நானே உருவி எடுத்தேன்.

ஹீமோகுளோபின் 3.8.

ஆண்களுக்குப் பதின்மூன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று, நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. அதற்கு அருகில், நான் மிகவும் ரசித்துச் செய்த சிவப்பு அம்புக்குறி. கீழ்நோக்கி.

யாசின் பாயிடம் காட்டவில்லை. ஊரில் எல்லோரையும் கலாய்ப்பவன், தன் முறை வரும்போது அழக்கூடாது என்று ஒரு மானம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். இறங்கும்போதே மூச்சு வாங்கியது. ஸ்கூட்டர் கண்ணாடியில் முகம் பார்த்தேன், வெளுத்திருந்தது. சிக்னலில் தலை சுற்றியது. முன்னால் நின்ற பஸ்ஸின் புகையில் அங்கே எல்லோருக்கும்தான் சுற்றியிருக்கும், ஆனால் எனக்கு மட்டும்தான் ரிப்போர்ட் இருந்தது. வழியில் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ மாதுளை வாங்கினேன். அதில் ஒன்றை அங்கேயே நின்று, கத்தி இல்லாமல், பல்லால் உடைத்துத் தின்றேன். பழக்கடைக்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பிறகு மீனாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் புக்கு அலமாரியில மேல் தட்டுல இருக்கு."

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது, அது சமையக்கட்டுல இருக்கு. வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து, என்னிடம் இருந்த எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரு தாளில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு போய் வைதேகி மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

"என்ன இது?"

"பாஸ்வேர்ட் மேடம். இனிமே வேற யாராவது பாத்துக்கணும்."

"வேற கம்பெனியா?"

"அதை விடத் தூரம் மேடம்."

சட்டைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் சட்டையில் வழிந்திருந்த மாதுளைச் சாற்றைப் பார்த்தார். "குனி" என்றார். குனிந்தேன். என் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து உள்ளே பார்த்தார். இருபது வருட லேப் அனுபவம் அது.

"செக்கச்செவேல்னு இருக்கு. மூணு புள்ளி எட்டு இருக்கறவன் ஸ்கூட்டர் ஓட்டிண்டு வந்து, மாடி ஏறி, வசனம் பேசிண்டு நிக்கமாட்டான். இது உன் ரத்தம் இல்லை செல்வம், உன் புரோகிராம்." கொஞ்சம் நிறுத்தி, "பேஷ்" என்றார்.

பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஃபைலைக் கொண்டா. வாசிப்போம்."

லேபிலிருந்து அன்றைய எக்ஸ்எம்எல் ஃபைலை வரவழைத்து அச்சடித்தேன். ஸ்கேல் வைத்து நான் படித்தேன். "டேக் திறக்குது, ஹீமோகுளோபின். பதிமூணு புள்ளி எட்டு. டேக் மூடுது." ஃபைலில் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டில் மூன்று புள்ளி எட்டு.

"ஒண்ணு எங்க போச்சு?" என்றார் மேடம்.

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். பார்சர் ஓடும் தண்ணீரைக் குவளையால் அள்ளுவதுபோல்தான் எழுத்துகளை அள்ளுகிறது. குவளை நிரம்பியதும் உள்ளதை நம் ஆப்ஜெக்டிடம் கொடுத்துவிட்டு, அடுத்த குவளை அள்ளப் போகும். ஒரு எண்ணின் நடுவில் குவளை நிரம்பிவிட்டால், முன்பாதியை ஒரு தடவையும் பின்பாதியை இன்னொரு தடவையும் கொடுக்கும். என் ஹீமோகுளோபினின் 'ஒன்று' ஒரு குவளையின் கடைசிச் சொட்டு. 'மூன்று புள்ளி எட்டு' அடுத்த குவளையின் முதல் சொட்டு. என் நிரலோ ஒவ்வொரு குரலுக்கும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதைப் பெட்டியில் வைத்தது. ஒரே தடவையில் முழுதாகத் தருவேன் என்று பார்சர் எங்கேயும் சத்தியம் செய்யவில்லை. துண்டு துண்டாக வரலாம் என்று அதன் விளக்கக் குறிப்பில் ஒரு வரி தெளிவாகவே இருந்தது. நான் அதற்கு முந்தின வரியோடு எழுந்து பஜ்ஜி சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

மேடத்திடம் இதைச் சொன்னேன். அவருக்குக் குவளையெல்லாம் தேவைப்படவில்லை.

"எங்க அப்பா கோயில் கோஷ்டியில சேவிக்கறவர். நான் வெளியில நின்னு கேட்டே வளர்ந்தவ. பாசுரத்துக்கு நடுவுல மூச்சு வாங்குவா. மூச்சு வாங்கினதும் முடிஞ்சுடுத்துன்னு தீர்த்தம் குடுத்துடுவாளா? சாத்துமுறை ஆகணுமோல்லியோ? அப்புறம்தானே தீர்த்தம். உன் புரோகிராம் மூச்சு வாங்கறப்பல்லாம் தீர்த்தம் குடுத்திண்டிருக்கு."

கோயிலில் கூடிப் பாசுரம் ஓதும் குழுதான் கோஷ்டி; அவர்கள் ஓதி நிறைவு செய்வதுதான் சாத்துமுறை. அது ஆகாமல் யாருக்கும் தீர்த்தம் இல்லை. எனக்கு அந்தக் கணத்தில் மூன்று வரியும் தெரிந்துவிட்டன. டேக் திறக்கும்போது பெட்டியைக் காலி செய். எழுத்து வந்தால், எத்தனை துண்டாக வந்தாலும், ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே இரு. டேக் மூடிய பிறகு மட்டும் ரிப்போர்ட்டுக்கு அனுப்பு. அப்பா கிளாசிலேயே திருத்தினேன். அதற்கு மேல் மேடத்தின் வாக்கியத்தையும் கமெண்டாகத் தட்டினேன். காயத்ரி கேட்ட வரி அதுதான்.

"இது ஏன் நாம வாசிச்ச ஃபைல்ல வரலை?" என்று அப்போது கேட்டார்.

"அது சின்ன ஃபைல் மேடம். பத்துப் பேர் ஒரே குவளைக்குள்ள அடங்கிடுவாங்க. துண்டு விழ வாய்ப்பே இல்லை."

"லேப்ல அவ்வளவுதான் குடுத்தான்னு சொன்னியே."

மெத்தைக் கடையில் யாரோ பஞ்சை அடித்துக்கொண்டிருந்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

"நான்தான் வெட்டினேன் மேடம்."

அன்றைக்கு அவர் 'பேஷ்' சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்து டிராயருக்குள் வைத்தார். "லேப்ல போட்ட நாள்லேர்ந்து வந்த ஃபைல் அத்தனையையும் திருத்தினதுல மறுபடி ஓட்டு. பழைய ரிப்போர்ட்டோட எதெது மாறறதுன்னு பாரு" என்றார்.

ஓட்டினேன். ஏழு இடத்தில் மாறியது. யாசின் பாய்க்குப் போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அதுவா சார்? அப்பப்ப மெஷின் கிறுக்குத்தனமா ஏதாவது குடுக்கும். திருப்பி ஓட்டுவேன், சரியாயிடும். ஒண்ணு உங்களோடது, அஞ்சு நான் திருப்பி ஓட்டினது."

திருப்பி ஓட்டினால் அதே எண் ஃபைலில் வேறு இடத்தில் விழும், குவளைக்குள் முழுதாக இருக்கும். சரியாகத்தான் வரும்.

"எங்ககிட்ட ஏன் பாய் சொல்லல?"

"மெஷின் கோளாறை உங்ககிட்ட எதுக்கு சார் சொல்லணும்?"

"ஏழாவது ஒண்ணு இருக்கு. ரங்கராஜன்னு ஒருத்தர். சுகர்."

தாள் புரளும் சத்தம். "தொண்ணூத்தெட்டு சார். நார்மல்தானே? நார்மலா வந்ததை எதுக்கு சார் திருப்பி ஓட்டணும்?"

ஃபைலில் இருந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

ரிப்போர்ட் கொடுத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு ஐந்து தடவை கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. முகவரி, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. "நீங்க போய்ச் சொல்லிடறீங்களா மேடம்? உங்க ஊரு, உங்களுக்குப் பேசத் தெரியும்" என்றேன். அவர் ஏற்கெனவே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

"நானும் வரேன். ஆனா சொல்லப் போறது நீ."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். காவிரிப் பாலத்தில் போகும்போது என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'ஒண்ணுமில்ல சார், ஒரு சின்ன அச்சுப் பிழை...'

"அச்சுப் பிழைன்னு சொல்லாதே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மனதுக்குள் என்று நினைத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கதவைத் திறந்தவர் அவரேதான். அறுபதைத் தாண்டிய வயது. கைலாசபுரம் குவார்ட்டர்சில் முப்பது வருடம் இருந்து, தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுச் சொந்த வீட்டுக்கு வந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். லேப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ வாங்கோ. ஆத்துக்கே வந்து விசாரிக்கறேளா? இதுன்னா சர்வீஸ். உள்ள வாங்கோ, ஒண்ணு காட்டறேன்."

சற்றே சாய்ந்து சாய்ந்து நடந்து, எங்களை ஃபிரிட்ஜ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கதவில் என் நிரல் அச்சடித்த அவருடைய ரிப்போர்ட் ஒட்டியிருந்தது. லேமினேட் செய்திருந்தார். 98 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

"மாட்டுப்பொண்ணு பாக்கட்டும்னு ஒட்டி வச்சிருக்கேன். அஞ்சு வருஷமா சக்கரைப்பொங்கலை என் கண்ணுலகூடக் காட்டினதில்லை. இப்போ மாத்திரை கிடையாது, பத்தியம் கிடையாது. இருங்கோ, கார்த்தால பண்ணினது இருக்கு."

மறுப்பதற்குள் என் கையில் ஒரு கிண்ணம் வந்துவிட்டது. அவர் கையில் ஒரு கிண்ணம். நெய் மிதந்தது. அவர் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார். அவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு, ஒரே மூச்சில் சொன்னேன்.

"சார், சாப்பிடாதீங்க. உங்க சுகர் தொண்ணூத்தெட்டு இல்ல, முந்நூத்துத் தொண்ணூத்தெட்டு. ரிப்போர்ட்டு தப்பு. அந்த புரோகிராமை எழுதினது நான்தான்."

ஸ்பூன் பாதியில் நின்றது. கிண்ணத்தை மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணினேன் சார்."

"எத்தனை பேரை வச்சு?"

"பத்து."

"மொத்தம் எத்தனை?"

"இருநூறு."

தலையை மெல்ல ஆட்டினார். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "பாத்ததுமே உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்தது. முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன் நான். மோசமா வந்திருந்தா நேரா லேபுக்கு வந்து சண்டை போட்டு மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன். நன்னா வந்துடுத்து. லேமினேட் பண்ணிட்டேன்."

வைதேகி மேடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் கண் கீழே இருந்தது.

"கால்ல என்ன துணி?"

"செருப்புக் கடி. ரெண்டு வாரமா ஆறலை. சுகர்தான் இல்லையேன்னு விட்டுட்டேன். வலிகூட இல்லை பாருங்கோ."

மேடம் தரையில் உட்கார்ந்து துணியைப் பிரித்தார். வலது சுண்டுவிரல். நான் ஒரு கணம்தான் பார்த்தேன். அவர் நிமிராமல் சொன்னார்: "செல்வம், ஆட்டோ."

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள், கால் தங்கியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். நிரலில் நடந்த தவறு முழுவதையும் எழுதி, மேடம் அன்றைக்கே லேபுக்கும் டாக்டருக்கும் தன் பெயரில் கடிதம் கொடுத்தார். அதில் பஜ்ஜியும் இல்லை, என் பெயரும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போனேன். முதல் மூன்று நாள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஜோக்கும் வரவில்லை. நாலாம் நாள் அவரே ஆரம்பித்தார்.

"அடுத்த புரோகிராம் எப்போ வெளியில விடறேள்?"

"அடுத்த மாசம் சார்."

"டெஸ்ட்டுக்கு நான் வரேன். ஆத்துல சும்மாதான் இருக்கேன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் கைத்தடியோடு மாடி ஏறி வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் டிராயரைத் திறந்து, அன்றைக்கு உள்ளே போன இரும்பு ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இருநூறு பேர். வாய்விட்டு. நாலு மணிக்குக் கீழேயிருந்து வாழைக்காய் வாசனை வந்தபோது ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"என்ன பாக்கறேள்? நூத்து நாப்பத்தி மூணாவது ஆசாமி காத்திண்டிருக்கார்."

எட்டு வருடம் இப்படி வந்தார். சர்க்கரைப் பத்தியத்தில் இருப்பவர் என்பதால் டீயில்கூடச் சர்க்கரை கிடையாது. நான் மட்டும் போட்டுக் குடித்தால் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆகவே எனக்கும் கிடையாது. முதல் நாளே அந்த லேமினேட் செய்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேஜைக்கு நேர் எதிரே மாட்டிவிட்டார். "இது உங்க சொத்து" என்றார். வேலையை விட்டு வந்தபோது ஆபீசிலிருந்து நான் எடுத்து வந்தது அது ஒன்றைத்தான்.

இதுவரைக்கும் எழுதி நேற்றுக் காலை காயத்ரிக்கு அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது.

"படிச்சேன் சார். அந்த கமெண்ட்டை அழிக்கல. புது ரீடர்லயும் போட்டுட்டேன்."

"சந்தோஷம்மா. ஏஐ எழுதினது, எழுத்து துண்டு துண்டா வந்தா சேக்குதா?"

"சேக்குது சார். பாத்தேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ்."

"வாசிப்பு ஆச்சா?"

"இப்பல்லாம் அதை ஆட்டோமேட் பண்ணிட்டோம் சார். அதுவே டெஸ்ட் ஃபைலை உருவாக்கி, அதுவே ஓட்டி, அதுவே செக் பண்ணிடும்."

"அந்த ஃபைல்ல எத்தனை பேரும்மா?"

அந்தப் பக்கம் விசைப்பலகையின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

"பத்து சார்."

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். அலமாரியிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"வேலையை விட்டு நாலு மாசம்கூட ஆகல. எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மீனா.

"தென்னூருக்கு. வாசிக்கணும்."

"எப்ப வருவீங்க?"

"இருநூறு பேர். ரெண்டு நாள் ஆகும்."

"கொத்தமல்லி?"

"ரெண்டு நாள் கழிச்சு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.